தத்துப்பூச்சியில் ஒரு புதிய சிற்றினத்தை விவரிப்பது எப்படி? காட்டிலிருந்து அச்சு வரை

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கும். அழகர்கோவிலில் நூபுர கங்கைக்குப் போகிற வழியில் இலைக்கு அடியில் பஞ்சு ஒட்டினாற்போல் ஒரு பூச்சி, சிறுமலையில் யாரோ ஒருவருடைய வாழைத்தோட்டத்தில் உடம்பைவிட இரண்டு மடங்கு நீளச் சிறகோடு ஒன்று, மேகமலையில் ஈரப்பாசி படிந்த மரத்தண்டில் பட்டையோடு பட்டையாக இன்னொன்று. எல்லாப் படத்தோடும் வருகிற கேள்வி ஒன்றுதான்: "சார், இது புது இனமா?"

படத்தை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியில் தொடங்கி, ஒரு பெயர் அச்சில் வருகிற வரைக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்ல முடியும், அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மதுரை, திண்டுக்கல், தேனி பக்கம் விலங்கியலோ வேளாண்மையோ படிக்கிற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: புதுப் பெயர் கொடுப்பது என்றால், நூறு வருஷம் கழித்து முகம் தெரியாத ஒருவர் உங்கள் பெட்டியைத் திறந்து நீங்கள் சொன்னது சரியா என்று பார்க்க வழி வைத்துவிட்டுப் போவது. கீழே சொல்கிற ஒவ்வொரு தொல்லையும் அந்த ஒருவருக்காகத்தான்.

எந்தப் பூச்சியைப் பற்றிப் பேசுகிறோம்

தமிழில் தத்துப்பூச்சி என்று இரண்டு கூட்டத்தையும் சேர்த்தே சொல்கிறோம், அதனால் முதலில் பிரித்துவிடுவோம். நெல் போடுகிற எவருக்கும் புகையான் தெரியும், வயலில் வட்டம் வட்டமாகப் புகைந்து கருகினாற்போல் காய்வதால் வந்த பெயர். அந்தப் புகையானும், கரும்பில் வருகிற பைரில்லாவும், வேம்பிலும் எருக்கிலும் பட்டையோடு ஒட்டிக்கொண்டு கிட்டே போனால் பக்கவாட்டில் நழுவுகிற யூரிபிராகிஸும் பிளான்ட்ஹாப்பர் கூட்டம். நெல்லில் வருகிற பச்சைத் தத்துப்பூச்சி, மாவில் வருகிற தத்துப்பூச்சி எல்லாம் லீஃப்ஹாப்பர், அதாவது இலைத்தத்துப்பூச்சி. இந்தக் கட்டுரை முதல் கூட்டத்தைப் பற்றியது.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் போதும். உணர்கொம்பைப் பாருங்கள். பிளான்ட்ஹாப்பரில் அது கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் இருக்கும், இரண்டாவது கணு உருண்டு வீங்கியிருக்கும், மேலே மயிர் போல ஒரு இழை நிற்கும். இலைத்தத்துப்பூச்சியில் அது இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கும், கணுவும் வீங்கியிருக்காது. அடுத்து பின்னங்கால்: இலைத்தத்துப்பூச்சிக்குச் சீப்புப் பல் மாதிரி வரிசையாக முட்கள், பிளான்ட்ஹாப்பருக்கு எண்ணி நாலைந்து பெரிய முட்கள்தான். சந்தேகம் இருந்தால் முன்சிறகு மார்போடு சேருகிற இடத்தில் ஒரு சின்னச் செதில் மூடி இருக்கிறதா, பின்னோரத்து இரண்டு நரம்புகள் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி சேர்கின்றனவா என்று பாருங்கள், இருந்தால் பிளான்ட்ஹாப்பர்.

உலகத்தில் இதுவரை 12,000-க்கும் மேற்பட்ட பிளான்ட்ஹாப்பர் இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மலைகளில் பயிரைத் தாக்குகிறவற்றை விட்டால் மற்றவற்றை அக்கறையாகத் தேடியவர்கள் மிகக் குறைவு. புதுசு கிடைக்க வாய்ப்பு உண்டு என்று நான் நம்புவது அதனால்தான்.

அனுமதி

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், கொடைக்கானல் சரணாலயம் மாதிரி இடங்களில் ஒரு பூச்சியை எடுப்பதற்கும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 அப்படி. காப்புக்காடு என்றாலும் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும். கல்லூரித் துறைத்தலைவர் கையெழுத்தோடு, எந்த இடம், எந்த மாதங்கள், எந்த வகைப் பூச்சி, எத்தனை எடுப்பீர்கள் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள், மாதக்கணக்கில் ஆகலாம். அனுமதி எண்ணைக் கட்டுரையில் போட வேண்டும், பல ஆய்விதழ்கள் அது இல்லாமல் தொடவே தொடாது.

காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்க வேண்டாம். சிறுமலையில் காப்பியும் மிளகும் போட்டிருக்கிற தனியார் தோட்டங்கள் நிறைய, உரிமையாளரிடம் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். பெரிய நிழல்மரங்களுக்குக் கீழே காடு மாதிரியே இருக்கும், வலை வீசிப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது.

பிடிப்பது

வலையை நீங்களே செய்துகொள்ளலாம். மதுரை விளக்குத்தூண் பக்கம் மெல்லிய வெள்ளை வாயில் துணி வாங்கி, ஒரு முழத்துக்கு மேல் ஆழம் வருகிற மாதிரி தைத்து, கெட்டியான கம்பி வளையத்தில் மாட்டினால் போதும், வாய்ப்பக்கம் மட்டும் கிழியாத காடாத் துணி வைத்துத் தையுங்கள். தத்துப்பூச்சி இலைக்கு அடியில் உட்காரும், ஆபத்து என்றால் கண் இமைப்பதற்குள் தாவிவிடும். அதனால் செடியை மேலிருந்து அடிக்காமல் கீழிருந்து மேலாக வீசுங்கள், வீசிய உடனே வலையின் வாயை மடித்துவிடுங்கள். உள்ளே இருப்பதை விரலால் பிடிக்கவே கூடாது, கால் ஒடிந்துவிடும், மெழுகுப்பொடி உதிர்ந்துவிடும். ஒரு கண்ணாடிக் குப்பி, இரண்டு ரப்பர் குழாய், நடுவில் வலைத்துணி வைத்த உறிஞ்சி ஒன்று செய்துகொள்ளுங்கள்.

இரவில் விளக்குப் பொறி. நாலு முழ வேட்டியை இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டி, முன்னால் புற ஊதா விளக்கோ பாதரச விளக்கோ வையுங்கள். அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, புழுக்கமான ராத்திரி ஏழிலிருந்து பத்து மணிக்குள் நன்றாக விழும். சட்டப்பாதுகாப்புள்ள சில வண்டுகளும் அதில் வரலாம், அவற்றைத் தொடாமல் விட்டுவிடுங்கள். விளக்குப் பொறியில் ஒரு பெரிய குறை உண்டு: எந்தச் செடியில் வாழ்கிறது என்பது தெரியாமலே போய்விடும். அதனால் விளக்கில் விழுந்ததை வைத்து இங்கே இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பகலில் அதே இடத்தில் செடி செடியாகத் தேடுங்கள்.

எங்கே தேடுவது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். டெர்பிடே குடும்பத்தில் பெரியவை வாழை, தென்னை, பனை, பாக்கு இலைகளின் அடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஆனால் குஞ்சுகள் மக்குகிற கட்டையில் பூஞ்சையைத் தின்று வளரும். சிக்சிடே குஞ்சுகள் மண்ணுக்குள் வேரை உறிஞ்சும். அகிலிடே குஞ்சுகள் செத்த மரத்தின் பட்டைக்குள் இருக்கும். ஃப்ளாட்டிடே குஞ்சுகள்தான் அந்தப் பஞ்சு மாதிரி வெள்ளை மெழுகோடு கொடிகளில் உட்கார்ந்திருப்பவை, உங்கள் படங்களில் பாதி இவைதான்.

ஒரு செடியில் பூச்சி உட்கார்ந்திருந்தது என்பதால் மட்டும் அது உணவுச்செடி ஆகிவிடாது. குஞ்சும் அதே செடியில் இருக்கிறதா, வாய்க்குழலை ஊன்றி உறிஞ்சுகிறதா என்று பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள், செடியின் பூவோ காயோ உள்ள கிளையை உலர்த்தி வையுங்கள். பெயர் தெரியாத செடி என்றால் பக்கத்துத் தாவரவியல் துறைக்கு எடுத்துப் போங்கள், நமக்குத் தெரிந்த ஊர்ப்பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்தால் பிறகு பிரிக்க முடியாது.

எத்தனை வேண்டும்? ஒன்றை மட்டும் வைத்து விவரிக்காதீர்கள், விலங்குகளுக்குப் பெயர் வைக்கிற பன்னாட்டு விதி அனுமதித்தாலும் செய்யாதீர்கள். குறைந்தது ஐந்து ஆண், ஐந்து பெண், அதே இடத்தில், முடிந்தால் அதே செடியில். ஆண் கட்டாயம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். பச்சையும் இளஞ்சிவப்பும் செத்த சில நாளில் மங்கிப் பழுப்பாகிவிடும், எத்தனாலில் போட்டால் இன்னும் சீக்கிரம், மெழுகும் கரைந்துவிடும். பிறகு இரண்டு வழியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பெரும்பகுதியை எத்தில் அசிட்டேட் ஆவியில் கொல்லும் குப்பியில் போட்டு உலர்நிலையில் ஊசியில் ஏற்ற, இரண்டு மூன்றை மட்டும் டிஎன்ஏவுக்காக 95 சதவீதத்துக்கு மேலான எத்தனாலில் போட்டு ஃப்ரீசரில் வைக்க. நல்ல எத்தனாலைக் கடையில் போய் வாங்கிவிட முடியாது, கல்லூரி ஆய்வகம் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

ஊசியும் சீட்டும்

தையல் ஊசி, குண்டூசி வேண்டாம், துருப்பிடித்து மாதிரியையே தின்றுவிடும். பூச்சியியல் ஊசி இரண்டு அல்லது மூன்றாம் எண் வாங்குங்கள். சின்னத் தத்துப்பூச்சியை நேரடியாகக் குத்தக் கூடாது, கெட்டி அட்டையில் சின்ன முக்கோணம் வெட்டி, அதன் நுனியை லேசாக மடக்கி, ஒரு சொட்டுப் பசையில் மார்பின் வலப்பக்கத்தை ஒட்டுங்கள், ஊசி அட்டையில் இறங்கட்டும். முகமும் வயிற்று நுனியும் எப்போதும் பசை படாமல் தெரிய வேண்டும்.

சீட்டு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தின் மேல் 'சிறுமலை, மார்கழி' என்று பென்சிலால் எழுதி வைத்தேன், எனக்கு ஞாபகம் இருக்கும் என்ற நம்பிக்கை. நாலு வருஷம் கழித்து அதில் ஒரு ஆண் மிக வித்தியாசமாக இருப்பது தெரிந்தது, ஆனால் எந்தத் தோட்டம், எந்த உயரம், எந்தச் செடி, எந்த வருஷம் என்று ஒன்றும் தெரியவில்லை. அந்த மாதிரி இன்றைக்கும் பெட்டியில் இருக்கிறது, அதற்குப் பெயர் வைக்க என்னால் முடியவில்லை.

ஆகவே ஒவ்வொரு ஊசியிலும் ஒரு சீட்டு: நாடு, மாநிலம், மாவட்டம், அருகிலுள்ள ஊர், ஜிபிஎஸ் அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பிடித்த முறை, செடி, பிடித்தவர் பெயர். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம், 5 எது 6 எது என்ற குழப்பம் வராது. லேசர் பிரிண்டரில் கெட்டித் தாளில் எடுங்கள், எத்தனால் குப்பிக்குள் போடுகிற சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் மை ஒரே நாளில் கரைந்துவிடும். பெட்டியில் அந்துருண்டையும் சிலிக்கா ஜெல்லும் போடுங்கள், மேசைக்கால்களை நீர்க்கிண்ணத்தில் வையுங்கள். நம்ம ஊர் எறும்பு ஒரே ராத்திரியில் ஒரு பெட்டியைக் காலி செய்துவிடும்.

வயிற்று நுனியைத் திறப்பது

வேலையின் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். தத்துப்பூச்சியில் வெளித்தோற்றம் பலமுறை ஏமாற்றும், சிற்றினங்களைப் பிரித்துக் காட்டுவது ஆணின் இனப்பெருக்க உறுப்புகள்தான். புகையானையே எடுத்துக்கொள்ளுங்கள்: நிலபர்வத்தா பேரினத்தில் நெல்லைத் தின்கிற லூஜென்ஸும், லீர்சியா புல்லில் வாழ்கிற பேக்கரி, மியூரி என்ற இரண்டும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே பழுப்பு, வயிற்று நுனியைப் பார்த்தால்தான் மூன்றும் மூன்று என்று தெரியும்.

உலர்ந்த மாதிரியாக இருந்தால் முதலில் இளக்குங்கள். ஒரு மூடியுள்ள டப்பாவில் ஈர மணல், பூஞ்சை வராமல் இருக்க ஒரு சொட்டு ஃபீனால், அதற்குள் ஒரு ராத்திரி. பிறகு நுண்ணோக்கியின் கீழ், மிக மெல்லிய இடுக்கியால் வயிற்றை மட்டும் மேலே தூக்கினாற்போல் கழற்றி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போடுங்கள். வெந்நீர்த் தொட்டியில் வைத்தால் சில நிமிஷம், அவசரமில்லை என்றால் அறை வெப்பத்தில் ஒரு ராத்திரி. நான் ராத்திரி முறையைத்தான் சொல்வேன், சூடு அதிகமானால் மெல்லிய சவ்வுகள் உருக்குலைந்து போகும். உள்ளே இருக்கிற தசை எல்லாம் கரைந்து கண்ணாடி மாதிரி தெரிந்ததும் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று முறை அலசி, கிளிசரினுக்கு மாற்றுங்கள். குழியுள்ள கண்ணாடித் தகட்டில் வையுங்கள். சாதாரணத் தகட்டில் வைத்து மூடித்தகட்டால் அமுக்கினால் உருவம் தட்டையாகிவிடும், பிறகு வரைந்ததெல்லாம் பொய்.

எதைப் பார்ப்பது? வெளியே வளையம் போல இருப்பது பைகோஃபர். மேலே மலக்குழாய், அதன் நுனி வடிவம் முக்கியம். கீழே இரண்டு பக்கமும் கொக்கி போல ஸ்டைலஸ். நடுவில் ஈடியாகஸ், அதாவது ஆண்குறி, அதில்தான் முட்கள், மடிப்புகள், கிளைகள் எல்லாம். சிக்சிடேயில் ஈடியாகஸின் நுனி பின்பக்கம் மடங்கியிருக்கும், அது நகர்கிற பகுதி. பல குடும்பங்களில் இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் இரண்டு பக்கமும், மேலும், கீழும் என்று நாலு கோணத்தில் வரையுங்கள். வரைபடத்தை கேமரா லூசிடா (நுண்ணோக்கியில் தெரிவதைத் தாளின் மேல் காட்டி வரைய உதவும் கருவி) வைத்துப் பென்சிலில் எடுத்து, ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப்பில் கோடு இழுக்கலாம், இலவச மென்பொருள்தான். நல்ல கேமரா இருந்தாலும் கோட்டோவியத்தை விடாதீர்கள், புகைப்படம் எல்லாவற்றையும் காட்டும், ஓவியம் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டும்.

வேலை முடிந்ததும் அந்த வயிற்றைக் கிளிசரின் உள்ள நுண்குப்பியில் போட்டு, அதே பூச்சியின் ஊசியிலேயே குத்திவிடுங்கள். வேறு எங்கும் வைக்காதீர்கள், ஒரு நாள்கூட.

மூன்று கண்ணிகள்

இதில் விழாதவர்கள் குறைவு. முதலாவது சிறகு. பல தத்துப்பூச்சிகளில் ஒரே இனத்தில் நெடுஞ்சிறகு, குறுஞ்சிறகு என்று இரண்டு உருவம் உண்டு, புகையானிலேயே பார்க்கலாம், வயிற்றைக்கூட மூடாத குட்டைச் சிறகோடு ஒன்று, பறந்து ஊர் மாறுகிற நீளச் சிறகோடு ஒன்று. சிறுமலையில் ஒரு குட்டைச்சிறகுப் பூச்சியை நான் இரண்டு வருஷம் புது இனம் என்றே நம்பினேன், ஆண் கிடைத்து வயிறு திறந்து பார்த்த அன்றுதான் அது பக்கத்துப் புல்லில் சாதாரணமாகக் கிடைக்கிற நெடுஞ்சிறகுப் பூச்சியின் மறு உருவம் என்று தெரிந்தது.

இரண்டாவது, தோல் உரித்துச் சில மணி நேரமே ஆன பூச்சி. வெளிறி, புள்ளி இல்லாமல் இருக்கும், நிறத்தை நம்பி விவரித்தால் தப்பு.

மூன்றாவது ஒட்டுண்ணி. வயிற்றின் ஓரத்தில் கறுப்புப் பை மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் அது டிரைனிடே குளவியின் புழு. வயிற்று வளையங்களுக்கு நடுவில் சின்ன முனை எட்டிப் பார்த்தால் ஸ்ட்ரெப்சிப்டெரா. இவை பிடித்த பூச்சிக்கு இனப்பெருக்க உறுப்பே வளராமல் குன்றிப்போகலாம், வித்தியாசமாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் வயிற்றைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறார்களா

வலை வீச ஒரு வாரம் ஆகும், வயிறு திறக்க ஒரு மாதம், ஆனால் இந்த வேலைக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். பெரும்பாலானவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான், கெட்ட பெயர்கள் பிறப்பதும் இங்கேதான்.

விலங்குப் பெயர்களுக்குக் கணக்கு லின்னேயஸின் 1758ஆம் வருஷப் பதிப்பிலிருந்து தொடங்குகிறது, முந்தி வைத்த பெயருக்கே முன்னுரிமை. நம் பக்கத்துக்கு முதலில் எடுக்க வேண்டியது டிஸ்டன்ட் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதியின் 1906ஆம் வருஷ ரின்கோட்டா (சாறு உறிஞ்சும் பூச்சிகளின் பழைய பெயர்) மூன்றாம் பாகம். அடுத்து மெலிக்கார் 1903இல் ஜெர்மனில் எழுதிய இலங்கைத் தொகுப்பு. மலைக்காட்டுப் பூச்சிகள் பல இலங்கைக்கும் நமக்கும் பொது, அதைப் பார்க்காமல் விடவே கூடாது. இந்த இரண்டையும் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். அதற்கப்புறம் வந்த பெயர்கள், மாற்றங்கள், யார் எதை எதோடு சேர்த்தார்கள் என்பதற்கு ஃப்ளோ என்ற உலகத் தத்துப்பூச்சித் தரவுத்தளம் இருக்கிறது, பேரினத்தைக் கொடுத்தால் சிற்றினங்களின் பட்டியலும் மூலக் கட்டுரைகளின் விவரமும் வந்துவிடும்.

உங்கள் பூச்சியின் பேரினத்தில் உள்ள ஒவ்வொரு சிற்றினத்தின் மூல விவரணையையும் படிக்க வேண்டும், ஒன்றுகூட விடாமல். சீனா, வியட்நாம், இந்தோனேசியாவில் விவரித்ததையும் சேர்த்து. டிஸ்டன்ட் காலத்தில் நிறத்தையும் சிறகுப் புள்ளியையும் வைத்தே எழுதினார்கள், வயிற்று நுனி வரைபடம் கிடைக்காது. அப்போது என்ன செய்வது? அவர் கையாண்ட மூல மாதிரியைத்தான் பார்க்க வேண்டும், அவற்றில் பெரும்பாலானவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மரியாதையாக, எந்த மாதிரி, எந்தக் கோணம், எதற்காக என்று சுருக்கமாக எழுதிக் கேளுங்கள், காப்பாளர்கள் உதவுகிறவர்கள்தான், பதில் தாமதமாகும் அவ்வளவுதான். கொல்கத்தாவில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகம், புது தில்லியில் பூசா தேசியத் தொகுப்பு, பெங்களூரில் வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசியப் பணியகம், கோவை வேளாண் பல்கலைக்கழகம், இந்தத் தொகுப்புகளையும் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் நல்லது.

இந்தக் கட்டத்தில் ஒரு வகைப்பாட்டியலாளரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாகச் செய்ய வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் மட்டும், சென்னை தரமணியில் இருக்கிற தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்த்த பிறகே அனுப்புங்கள், கூரியரில் போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது சட்டச்சிக்கல்.

டிஎன்ஏ

ஒரு காலை மட்டும் எடுத்து, சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் 658 எழுத்துப் பகுதியைப் படிக்கலாம், இதற்குத்தான் பார்கோடு என்று பெயர். ஆணும் பெண்ணும் ஒரே இனமா, குஞ்சு யாருடையது, குட்டைச்சிறகு யாருடையது என்ற கேள்விகளுக்கு இது அருமையான கருவி. ஆனால் இத்தனை சதவீதம் வேறுபட்டால் புது இனம் என்று எந்த விதியும் இல்லை, பக்கத்து இனங்களின் வரிசை தரவுத்தளத்தில் இல்லாவிட்டால் ஒப்பிடவும் முடியாது. வசதி இருந்தால் செய்யுங்கள், இல்லை என்பதற்காக வேலையை நிறுத்தாதீர்கள்.

எழுதுவது

மாதிரிகளில் இருந்து ஒன்றை மூல மாதிரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுதான் ஹோலோடைப். நன்றாக வளர்ந்த, ஒடியாத, வயிறு திறந்து பார்த்த ஆண். மற்றவை பாராடைப். 1999-க்குப் பிறகு வைக்கிற எந்தச் சிற்றினப் பெயருக்கும் மூல மாதிரியை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, அது எந்தத் தொகுப்பில் இருக்கிறது அல்லது இருக்கப்போகிறது என்று எழுதியே ஆக வேண்டும், விட்டுவிட்டால் பெயர் செல்லாது. ஹோலோடைப்பின் சீட்டில் இருக்கிறதை எழுத்து மாறாமல் கட்டுரையில் கொடுங்கள், சிவப்புச் சீட்டு ஒன்றும் ஊசியில் சேருங்கள்.

பிறகு வேறுபாட்டுக் குறிப்பு. எல்லாவற்றிலும் முக்கியமான பத்தி இது, எதனால் இது மற்றவற்றிலிருந்து வேறு என்று வார்த்தையில் சொல்ல வேண்டும், 1930-க்குப் பிறகு இது கட்டாயம். 'அழகிய, தெளிவாக வேறுபட்ட இனம்' என்று எழுதினால் யாருக்கும் உதவாது. 'ஈடியாகஸின் இடப்பக்க முள் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும், நெருங்கிய இனத்தில் அது ஒற்றை, மலக்குழாயின் நுனி சதுரம், அதில் கூர்மை' என்று எழுதினால் நூறு வருஷம் கழித்தும் ஒருவர் லென்ஸில் வைத்துப் பார்த்துவிட முடியும். நாலு வரி போதும், ஆனால் நாலும் ஒப்பீடாக இருக்க வேண்டும்.

விரிவான விவரணை தலையில் தொடங்கி வயிற்று நுனியில் முடியும்: நிறம், உச்சித்தட்டின் நீள அகல விகிதம், முகத்தின் முகடுகள், மார்பு, சிறகு நரம்புகள், பின்னங்கால் முட்களின் எண்ணிக்கை, ஆண் உறுப்புகள், பெண். அளவுகளை ஐந்து ஆண், ஐந்து பெண்ணிலாவது எடுத்து, குறைந்தது அதிகபட்சம் இரண்டையும் கொடுங்கள், உடல் நீளம் என்றால் தலைநுனியிலிருந்து சிறகு நுனி வரையா, வயிறு வரையா என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோல் போடுங்கள். பேரினத்தின் இந்திய இனங்களுக்கு ஒரு இனங்காணும் திறவுகோலும் சேர்த்தால் உங்கள் கட்டுரையை மற்றவர்கள் தினம் எடுத்துப் பார்ப்பார்கள்.

லத்தீனில் விவரிக்க வேண்டிய கட்டாயம் விலங்குகளுக்கு இல்லை. எல்லா நாட்டவரும் சரிபார்க்க வேண்டும் என்பதால் ஆங்கிலத்தில் எழுதுவதுதான் நடைமுறை. கூடவே தமிழில் ஒரு சுருக்கம் சேர்க்க முடியுமா என்று இதழைக் கேட்டுப் பாருங்கள்.

பெயர்

இதில் ஆசை இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும். பெயர் லத்தீன் எழுத்துகளில், மேலே கீழே குறிகள் இல்லாமல் இருக்க வேண்டும், அதே பேரினத்தில் அந்தப் பெயர் முன்பே இருக்கக் கூடாது. உரிச்சொல்லாக வைத்தால் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப முடிவு மாறும். பெயர்ச்சொல்லாக, அதுவும் தமிழ்ச் சொல்லாகவே வைத்து, கட்டுரையில் 'இது பெயர்ச்சொல், மாறாது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. வைகை என்று வைக்கலாம், சிலம்பாறு என்று வைக்கலாம். காளிதாசா என்றே ஒரு தத்துப்பூச்சிப் பேரினம் இருக்கிறது, நம் மொழிப் பெயர்கள் ஏன் வரக் கூடாது? ழகரத்தை எந்த எழுத்தில் எழுதுவது என்று மட்டும் முன்பே முடிவு செய்துகொண்டு, கட்டுரை முழுக்க ஒரே மாதிரி எழுதுங்கள்.

ஊர்ப்பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'மதுரென்சிஸ்' வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊரை மதுரா என்றே எழுதினார்கள், இந்தோனேசியாவில் ஜாவாவுக்குப் பக்கத்தில் அதே எழுத்தில் மதுரா என்று ஒரு தீவு இருக்கிறது, பழைய பெயர்களைப் பார்க்கிறவர்களுக்கு எந்த மதுரா என்று குழப்பம் வரும். 'மதுரையென்சிஸ்' என்று ஊரின் இன்றைய பெயரையே முழுதாக வையுங்கள். ஆள் பெயர் வைத்தால் ஆணுக்கு 'i', பெண்ணுக்கு 'ae' என்று முடிப்பு வரும், அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தன் பெயரைத் தானே வைப்பதை விதி தடுக்கவில்லை, ஆனால் இந்தத் துறையில் யாரும் செய்வதில்லை.

இன்னொன்று, கட்டுரை வருகிற வரை பெயரை வெளியே விடாதீர்கள். கருத்தரங்கச் சுருக்கத்தில், ஆய்வேட்டில், பத்திரிகைச் செய்தியில் விவரணை இல்லாமல் வெறும் பெயர் வந்துவிட்டால் அது செல்லாத பெயராக ஊர் சுற்றும், பிறகு எல்லோருக்கும் தொல்லை. அதுவரை 'இனம் அ' என்றே சொல்லிக்கொள்ளுங்கள்.

எங்கே வெளியிடுவது

ஜூடாக்ஸா, ஜூகீஸ், ஓரியண்டல் இன்செக்ட்ஸ், கோவையிலிருந்து வருகிற ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா, விலங்கியல் ஆய்வகத்தின் ரெக்கார்ட்ஸ், இவை நம்பிக்கையானவை. அதில் ஜூகீஸில் கட்டணம் உண்டு, ஜூடாக்ஸாவில் திறந்த அணுக்கம் (யாரும் காசில்லாமல் படிக்கிற வசதி) கேட்டால்தான் கட்டணம். பத்து நாளில் வெளியிடுகிறோம், பணம் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வருகிற இதழ்களுக்குப் போகவே போகாதீர்கள். உங்கள் ஹோலோடைப்பை அங்கே கொண்டுபோய்ப் புதைப்பதற்குச் சமம்.

இதழ் மின்வடிவில் மட்டும் வருகிறது என்றால் ஒரு சட்டநுணுக்கம்: 2012 முதல் மின்வடிவ வெளியீடும் செல்லும், ஆனால் கட்டுரை வெளியாகும் முன்பே ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும், பதிந்ததற்கான எண்ணோ சான்றோ கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். பதிவு செய்துவிட்டுக் கட்டுரையில் போட மறந்தால் பெயர் செல்லாது. நல்ல இதழ்கள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும், நீங்களும் மெய்ப்பில் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

மதிப்பாய்வாளர்கள் திருப்பி அனுப்புவார்கள். இந்தப் பழைய இனத்தோடு ஒப்பிட்டாயா, அந்த ஓவியத்தில் வலப்பக்கம் எங்கே என்று கேட்பார்கள். கேட்டது நியாயம் என்றால் மறுபடி பெட்டியைத் திறந்து பாருங்கள், அவர்தான் அந்த நூறு வருஷத்து ஆளின் இடத்தில் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறவர்.

மாதிரியை ஒப்படைப்பது

ஹோலோடைப் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது, கல்லூரி அலமாரியிலும் வேண்டாம், பொறுப்பாளர் ஓய்வு பெற்றதும் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002இன் 39ஆம் பிரிவு, புதிய இனம் கண்டுபிடித்தவர் அதை அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. விலங்குகளுக்கு விலங்கியல் ஆய்வகம் அப்படிப்பட்ட களஞ்சியம், அதன் தென்மண்டல மையம் சென்னையிலேயே இருக்கிறது. பதிவு எண்ணை வாங்கி, அச்சுக்குப் போகும் முன் கட்டுரையில் சேருங்கள். பாராடைப்புகளை இரண்டு மூன்று தொகுப்புகளுக்குப் பிரித்துக் கொடுங்கள், ஒரு இடத்தில் தீயோ வெள்ளமோ வந்தாலும் இன்னொரு இடத்தில் இருக்கும்.

தபாலில் அனுப்பாமல் கையில் எடுத்துப் போவதுதான் எனக்குப் பிடிக்கும். பெட்டிக்குள் ஊசிகள் ஆடாமல் பக்கத்திலும் ஊசி குத்தி, அந்தப் பெட்டியைப் பஞ்சு வைத்த இன்னொரு பெட்டிக்குள் வைத்து, வைகை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். நுண்குப்பியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ரயில் ஏறும் முன் பாருங்கள்.

கட்டுரை வந்ததும் ஒரு பிரதி வனத்துறைக்கு, அனுமதி கொடுத்தவர்களுக்கு அது சேர வேண்டும். ஒரு பிரதி தோட்டக்காரருக்கு. இன்னொன்று, எந்த மரத்தில் இந்தப் பூச்சி உட்காரும் என்று கைகாட்டிய வேட்டைத்தடுப்புக் காவலருக்கு, அதில் பூச்சியின் பெயர் வருகிற பக்கத்தை மடித்துக் கொடுங்கள், அந்தப் பெயரை எப்படிச் சொல்வது என்று வாயால் சொல்லியும் கொடுங்கள். அடுத்த மழைக்கு அதே மரத்துக்குப் போக வேண்டியிருக்கும், குஞ்சு இன்னும் கிடைக்கவில்லை அல்லவா.